திரும்பத் திரும்ப அதே பாவம்: கேள்வி பதில்

கேள்வி: ஒவ்வொரு தடவையும் அதே பாவங்களைத்தான் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது) செய்வதில் அர்த்தம் இருக்கிறதா ஐயா?

நிச்சயமாக இருக்கிறது. மனத்துயரும், இனிச் செய்வதில்லை என்ற தீர்மானமும் வேண்டும். மறுபடி விழுவேனோ என்று பயப்படுவதால் தீர்மானம் பொய்யாகிவிடாது. ஆனால் "கோபப்பட்டேன் சாமி" என்று மொட்டையாகச் சொன்னால் குருவானவரால் வழிகாட்ட முடியாது. "வேலை முடிந்து பசியோடு வந்ததும் பிள்ளைகளைத் திட்டுகிறேன், வாரத்தில் நாலைந்து தடவை" என்று சொல்லிப் பாருங்கள், ஆலோசனையே மாறும். சாவான பாவமானால் (இறைவனோடுள்ள உறவையே முறிக்கும் கனமான பாவம்) வகையையும் எண்ணிக்கையையும் சொல்வது கட்டாயம்.

கேள்வி: கோபம், புறணி, சோம்பல், செல்போன்... எதிலிருந்து தொடங்குவது?

ஒன்றே ஒன்றை எடுங்கள். அடுத்தவரை அதிகம் காயப்படுத்துவது எதுவோ அது முதலில். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எல்லாவற்றையும் விடப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எதையும் விடுவதில்லை.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூல் (1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்தது) இதற்கென்றே தனி ஆன்ம சோதனையைத் தருகிறது. காலையில் எழுந்ததும் அந்த ஒரு குறையைப் பெயர் சொல்லி, இன்று அதைத் தவிர்ப்பேன் என்று தீர்மானியுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின், விழித்த நேரம் முதல் மணிக்கு மணி நினைத்துப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோட்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டாம் கோடு. வாரத்துக்கு 14 கோடுகள். மதியத்தை இரவோடும், நேற்றை இன்றோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். விழுந்த கணமே நெஞ்சில் கை வைத்து வருந்துங்கள். நாலு பேர் நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

பலர் தவறுவது எங்கே என்றால், மதியச் சோதனையை விட்டுவிட்டு இரவில் மொத்தமாக எண்ணுவார்கள், பாதி மறந்திருக்கும். முதல் வாரம் புள்ளிகள் கூடினால் கலங்காதீர்கள். முன்பு கவனிக்காமல் விட்டவை இப்போது கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான். வரம் கேட்டு மன்றாடாமல் புள்ளி மட்டும் வைத்தால் அது வெறும் கணக்கு நோட்டு.

கேள்வி: ஆபாசப் படப் பழக்கம். நற்கருணை (திருப்பலியில் அப்ப வடிவில் பெறும் கிறிஸ்துவின் உடல்) வாங்கலாமா?

சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும். வேரூன்றிய பழக்கம் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு சொல்கிறது. அந்தத் தீர்ப்பை நீங்களே உங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளாதீர்கள், பாவசங்கீர்த்தனத்தில் கேளுங்கள். சாவான பாவத்தில் இருப்பதாக உணர்ந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகு நற்கருணை. கூடவே சந்தர்ப்பத்தை வெட்டுங்கள். படுக்கும் அறைக்குள் செல்போன் வரவே கூடாது. நள்ளிரவில் கையில் வைத்துக்கொண்டு போராடுவதைவிட ஒன்பது மணிக்கு ஹாலில் சார்ஜ் போடுவது எளிது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், மறைக்க மறைக்கத்தான் பாவத் தூண்டுதலுக்குப் பலம் கூடுகிறது.

கேள்வி: மன்னிப்புப் பெற்ற பிறகும், சரியாகச் சொன்னேனா என்று மனம் அரிக்கிறது.

ஒரே குருவானவரிடம் போங்கள், அவர் சொல்வதற்குக் கீழ்ப்படியுங்கள். மன்னிக்கப்பட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். மேலே சொன்ன புள்ளிக் கணக்கும் உங்களுக்கு வேண்டாம். அரிப்பை அது கூட்டிவிடும்.

கேள்வி: என் கணவர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு இன்றே குடியை நிறுத்துகிறேன் என்கிறார்.

நேர்ச்சை நல்லது அம்மா. ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.