கோடையில் மண் தடப் பந்தயக் கார்: இன்ஜின் சூட்டைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சனிக்கிழமை இரவுகளை மண் தடத்தின் ஓரத்தில் கழிப்பவன் நான். பதினொரு கோடைகளாக ஒரு சிறிய குழுவின் ரேடியேட்டர், தண்ணீர், எண்ணெய் எல்லாம் என் பொறுப்பு. 1961இல் தொடங்கிய நாக்ஸ்வில் நேஷனல்ஸ் பந்தயம் நடப்பது இங்குள்ள அரை மைல் மண் தடத்தில்தான், அதுவும் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில். இங்கே குடியேறிய தமிழர்கள் சிலர் வார இறுதிகளில் இந்தப் பந்தயங்களில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களும், ஊரிலிருந்து ஆர்வத்தோடு கவனிப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் காரில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஜிஎம் 602 இன்ஜின். ஒத்திகைச் சுற்றில் மீட்டர் 190 ஃபாரன்ஹீட் காட்டுகிறது. இருபது சுற்று இறுதிப் பந்தயத்தில் 240 வரை ஏறிவிடுகிறது. இன்னும் பெரிய ரேடியேட்டர் வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். 190 என்பது 88 டிகிரி செல்சியஸ், 240 என்பது 116. முதல் எண் நன்றாக இருப்பதால் ரேடியேட்டருக்குத் தேவையான திறன் இருக்கிறது என்றுதான் தெரிகிறது. பந்தயம் நீளும்போது அந்தத் திறனை எது தின்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் இன்ஜின் 350 குதிரைத்திறன் கொண்டது. பெட்ரோல் தரும் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சம் தண்ணீரிலும் எண்ணெயிலும் இறங்குகிறது. அதாவது 250 கிலோவாட்டை ஒட்டிய வெப்பத்தைக் காரின் மூக்கு வழியாக வரும் காற்று சுமந்து போயாக வேண்டும். அந்தக் காற்றுக்குச் சுலபமான வழி வேறு இருந்தால் அது ரேடியேட்டருக்குள் நுழையாது. ரேடியேட்டரின் இருபுறமும் மேலும் கீழும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும், காற்று அதில் நழுவிவிடும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். இருட்டில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துவிட்டு முன்பக்கம் வந்து நில்லுங்கள். ரேடியேட்டரின் ஓரங்களில் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் காற்று ஏமாற்றும் இடம். அலுமினியத் தகடும் பஞ்சுப் பட்டையும் வைத்து அவற்றை அடையுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டைப் பாருங்கள். ஃபேன் இறக்கையின் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். அடுத்து, உள்ளே வந்த காற்று எப்படி வெளியேறுகிறது என்று பாருங்கள். பானட்டுக்குக் கீழே காற்று தேங்கினால் புதிய காற்று உள்ளே வராது. மூக்குத் துவாரத்தைப் பெரிதாக்கியும் பலனில்லை என்று புலம்புபவர்களில் பலர் வெளியேறும் வழியை மறந்தவர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் சூடு ஏறினால், குற்றவாளி மண்.

கேள்வி: மண்ணைப் பற்றிக் கேட்கலாம் என்றிருந்தேன். முன்னால் வலை வைத்திருக்கிறோம், அப்படியும் ரேடியேட்டர் அடைத்துக்கொள்கிறது. எப்படிச் சமாளிப்பது?

இந்த விளையாட்டில் சூட்டுக்கு முதல் காரணம் இதுதான். மாலையில் தடத்துக்குத் தண்ணீர் அடித்து, மண்ணை இறுக்கிவிடுவார்கள். முதலில் ஓடுகிறவர்களுக்கு அது பிசைந்த களிமண். முன்னால் போகும் கார் அதை அள்ளி உங்கள் மூக்கின்மேல் வீசும். இரவு ஏற ஏற அதே மண் காய்ந்து வழுக்கும், தூசியாகும். ஆகவே ஒரே இரவில் இரண்டு எதிரிகள். ஈர மண் வலையை அடைக்கும். தூசி வலையைத் தாண்டி, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவே போய் உட்காரும்.

வலையை ரேடியேட்டரை ஒட்டி வைக்காதீர்கள். ஒட்டி இருந்தால் வலையில் அப்பிய மண், ரேடியேட்டரிலேயே அப்பியது போலத்தான். நான்கைந்து அங்குலம் முன்னே தள்ளி, மேல்விளிம்பு பின்னால் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். சாய்வில் மண் வழுக்கி விழும், காற்றும் ஓரங்களில் சுற்றி உள்ளே வரும். இரண்டு வலை வைத்திருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அழுக்கானதைக் கழற்றிச் சுத்தமானதை மாட்டுங்கள். இரண்டு நிமிட வேலை இது.

ரேடியேட்டரைக் கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். மண் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே வெளியே தள்ள வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அதை இன்னும் ஆழமாகத் திணிக்கிறீர்கள். அழுத்தத் தண்ணீர்க் கருவியைச் சாய்வாகப் பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும். மடங்கிய ஃபின் வழியாகக் காற்று போகாது. நேராக, தூரத்திலிருந்து, பொறுமையாக அடியுங்கள். பந்தய இரவு முடிந்து வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அன்றே கழுவினால் கரைகிற மண், மறுநாள் செங்கல்லாகிவிடும்.

கேள்வி: தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் சூட்டை விட நேரமில்லாமல் போகும் என்கிறார்களே?

பந்தயக் கொட்டகைகளில் நான் அதிகம் கேட்கும் தவறான நம்பிக்கை இது. தண்ணீர் ஓடுவது ஒரு மூடிய சுற்றில். தண்ணீர் ரேடியேட்டரில் குறைந்த நேரம் இருந்தால் இன்ஜினிலும் குறைந்த நேரம்தான் இருக்கும், ஆனால் அடிக்கடி திரும்பி வரும். வேகமாக ஓடும் தண்ணீர் உலோகத்திலிருந்து அதிக வெப்பத்தைத்தான் எடுக்கும்.

அப்படியானால் தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் துளையிட்ட தகட்டை ஏன் வைக்கிறார்கள்? அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்தத் தகடு, தண்ணீர் இன்ஜினை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு தடை. பம்ப் தள்ளும் தண்ணீர் அங்கே முட்டுவதால், இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி உலோகம் தணலாகக் கொதிக்கும் இடத்தில் ஆவிக் குமிழிகள் உண்டாகாமல் அது காக்கிறது. குமிழி ஒட்டிய இடத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் படாத இடத்தில்தான் ஹெட் விரிசல் விடும். தகட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இன்ஜின் சூடானது உண்மை. காரணத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் கீழ் ஹோஸுக்குள் சுருள்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதிவேகத்தில் ஹோஸ் உள்வாங்கித் தட்டையாகிவிடும். கார் நின்றபின் மறுபடி உருண்டையாகிவிடுவதால் யார் கண்ணிலும் படாது.

கேள்வி: ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு என்ன பொருள்? எது நல்லது?

மூடி எவ்வளவு அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்பது அது, பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவில். சாதாரணமாக 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 15 பிஎஸ்ஐ மூடிக்குக் கீழே ஏறக்குறைய 121 டிகிரியில்தான் கொதிக்கும். 22 பிஎஸ்ஐ மூடியில் 128ஐ நெருங்கும். பந்தயத்துக்கு 20க்கு மேல் உள்ளதை விரும்புகிறேன், ஹோஸ்களும் ரேடியேட்டரும் அதைத் தாங்குமானால்.

மூடி இருக்கும் இடமும் முக்கியம். இன்ஜினிலிருந்து சூடான தண்ணீர் நுழையும் பக்கத்தில் மூடி இருந்தால் பம்ப்பின் தள்ளும் அழுத்தமும் அதன்மேல் சேர்ந்து, முன்கூட்டியே திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில், சுற்றிலேயே உயரமான இடத்தில் மூடி இருக்க வேண்டும்.

கேள்வி: கூலன்ட் ஊற்றலாமா, வெறும் தண்ணீரா?

பந்தயத்தில் தண்ணீர்தான். வெப்பத்தைச் சுமப்பதில் அதற்கு ஈடில்லை. கூலன்டில் இருக்கும் கிளைகால் என்ற திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் ஒரு கிலோ திரவம் சுமக்கும் வெப்பம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. சிந்தினால் வழுக்கும் என்பதால் பல தடங்களில் அதற்குத் தடையும் உண்டு. வாலை வடித்த தண்ணீரோடு அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்த்து ஊற்றுங்கள். மருந்தில்லாத தண்ணீர் அலுமினியத்தை அரித்துவிடும். ஆனால் அக்டோபர் வந்ததும் முழுவதையும் வடித்துவிடுங்கள். அயோவாவின் குளிரில் உறைந்த தண்ணீர் இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும்.

கேள்வி (சென்னையிலிருந்து): மண் தடத்தில் ஓடும் சிறிய பந்தயக் கார்களான ஸ்பிரின்ட் கார்களின் இன்ஜின் 900 குதிரைத்திறன் என்கிறார்கள். அவ்வளவு சிறிய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு எப்படித் தாங்குகின்றன?

அருமையான கேள்வி. பதில் எரிபொருளில் இருக்கிறது. அந்த 410 கன அங்குல இன்ஜின்கள், நம் கணக்கில் 6.7 லிட்டர், மெத்தனாலில் ஓடுகின்றன. ஆவியாகும்போது மெத்தனால் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது, கையில் சானிடைசர் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதுபோல. ஒரு கிலோ மெத்தனால் இப்படி உறிஞ்சுவது பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. அதோடு ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக அதை ஊற்ற வேண்டும். இரண்டையும் பெருக்கினால் ஏழு மடங்கை ஒட்டிய குளிர்ச்சி, அதுவும் சிலிண்டருக்குள்ளேயே.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. எரியாத மெத்தனால் எண்ணெயில் இறங்கும். எண்ணெய் குளிர்ந்தே இருந்தால் அது வெளியேறாமல் தங்கி, ஈரத்தோடு சேர்ந்து எண்ணெயைப் பால்போல் ஆக்கிவிடும். அத்தகைய எண்ணெய் பேரிங்கைக் காக்காது. எனவே மெத்தனால் இன்ஜினில் எண்ணெய் 100 டிகிரியாவது தொட வேண்டும் என்று பார்ப்போம். குளிர்ந்த இரவுகளில் ரேடியேட்டரின் ஒரு பகுதியை நாங்களே மறைத்திருக்கிறோம். இன்னொன்று: மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதன் அருகே நிற்கும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: தடத்தில் ஆபத்து என்று எச்சரிக்கும் மஞ்சள் கொடியில் மெதுவாகப் போகும்போதுதான் எங்களுக்குச் சூடு ஏறுகிறது. ஓட்டுநர் என்ன செய்யலாம்?

முன்னால் போகும் காரின் பின்னாலேயே ஒட்டிப் போக வேண்டாம். அதன் சூடான காற்றுதான் உங்களுக்கு வரும். விதி அனுமதிக்கும் அளவுக்கு அரைக் கார் அகலம் விலகிப் போகச் சொல்லுங்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் இன்ஜினை முனகும் வேகத்துக்கு இறக்காமல் சற்று உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பற்றவைப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் இன்ஜின் குளிரும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார்.

வெடிப்புத் தட்டல், அதாவது கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டும் சத்தம், கேட்டால் மட்டும் அது மருந்து. மற்றபடி தாமதமாகப் பற்றவைத்தால் நெருப்பு வேலை செய்து முடிக்காமலே எக்ஸாஸ்ட் வழியாக ஓடும். அந்த வழியெல்லாம் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது, தண்ணீர்தான் சூடாகும். எரிபொருள் குறைந்த கலவையும் சூட்டைக் கூட்டும்.

கேள்வி: பந்தயத்தின் நடுவே மீட்டர் தானாக இறங்கியது. பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. என் மூன்றாவது கோடையில் நான் கற்ற பாடம் இது. ஒரு ஜூலை இரவு, கடைசி எட்டுச் சுற்றுகள் இருக்கும்போது மீட்டர் 230 ஃபாரன்ஹீட்டிலிருந்து 160க்கு விழுந்தது. காற்று கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓட்டுநர் இன்னும் அழுத்தினார். உண்மையில் கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து தண்ணீர் முழுவதும் போயிருந்தது. அந்தக் கிளாம்ப்பை இறுக்கியவன் நான். மீட்டரின் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீரில்லாமல் நின்ற அது, காற்றின் சூட்டைச் சொன்னது. ஹெட் இரண்டும் வளைந்தன. ஓட்டுநர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஆனால் அவர் அந்தப் பருவம் முழுவதற்கும் சேர்த்து வைத்திருந்த பணம் அதில் போனது.

அதற்குப் பிறகு எங்கள் காரில் தண்ணீர் அழுத்த மீட்டரும், அழுத்தம் விழுந்தால் ஓட்டுநரின் கண்முன் எரியும் சிவப்பு விளக்கும் இல்லாமல் இன்ஜின் கிளம்பியதில்லை. சூடு என்பது தாமதமாக வரும் செய்தி. அழுத்தம் உடனே சொல்லிவிடும். அழுத்தம் வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போய், ரேடியேட்டரில் குமிழியும் தெரிந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள்.

கேள்வி (கோவையிலிருந்து): மண்பாதை ரேலியில் ஓட்டுகிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். உங்களுடையது சாலைக் காரிலிருந்து உருவானது. தெர்மோஸ்டாட்டையும் கணினி இயக்கும் ஃபேனையும் அப்படியே விடுங்கள். அடியில் மாட்டியிருக்கும் பாதுகாப்புத் தகட்டைக் கவனியுங்கள், இன்ஜின் அறையின் காற்று வெளியேறும் வழியை அது மூடியிருக்கக்கூடும். சர்வீஸ் நேரத்தில் ஃபின்களைக் கழுவுங்கள். கொதித்த இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. எங்கள் குழுவில் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறான். என்ன வேலை கொடுக்கலாம்?

வலைகளை அவன் பொறுப்பில் விடுங்கள் அக்கா. கழற்றுவது, கழுவுவது, மாட்டுவது. கையில் ஒரு நோட்டையும் கொடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெளி வெப்பம், தடம் ஈரமா காய்ந்ததா, எத்தனை சுற்று, தண்ணீரின் சூடு, அழுத்தம், வலையில் எவ்வளவு மண் என்று எழுதட்டும். நான்கு வாரத்தில் உங்கள் காரைப் பற்றி உங்களைவிட அவனுக்கு அதிகம் தெரிந்திருக்கும். ஆனால் முதல் நாளே ரேடியேட்டர் மூடியைத் தொட்டுக் காட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போது இதில் கை வைக்கக் கூடாது, யார் சொன்னாலும் திறக்கக் கூடாது, அப்பா சொன்னாலும் கூடாது என்று சொல்லிவையுங்கள்.