மார்க்கர் பார்த்து உருவாக்கிய கோதுமை மரபணு மாற்றப் பயிரா?

"பூஞ்சையால் வரும் துரு நோயைத் தாங்கும் கோதுமையை மரபணு மார்க்கர் வைத்து உருவாக்குகிறார்களாமே, அதுவும் பி.டி. பருத்தி மாதிரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இரண்டு வருடம் ஒரு கோதுமை ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

மார்க்கர் என்பது நமக்கு வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளம்; பி.டி. பருத்தியில் பாக்டீரியா மரபணுவைப் புகுத்தியது போல அது செடிக்குள் எதையும் புகுத்துவதில்லை. இரண்டு ரகங்களை வழக்கம்போல மகரந்தம் தூவித்தான் கலப்புச் செய்கிறோம். விதை முளைத்து இரண்டு வாரமானதும் ஒவ்வொரு நாற்றிலும் நகக்கண் அளவு இலை நுனியைக் கிள்ளி, எண் எழுதிய குழாயில் போட்டு ஐஸில் வைப்பேன். அப்புறம் டி.என்.ஏ. பிரித்து, அந்த அடையாளப் பகுதியைப் பி.சி.ஆர். முறையில் பல நகல்களாக்கி, ஜெல் தட்டில் ஓடவிட்டு, அந்த ஜெல்லை புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் ஆரஞ்சுக் கோடுகள் தெரியும். முதல் இரண்டு வரிசையில் தாய், தந்தை ரகங்கள். நோய் தாங்கும் பெற்றோரின் கோடு எந்தச் செடியில் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம், மற்றதைப் பிடுங்கிவிடுவோம்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு எதிர்ப்பு மரபணு இருந்தாலே இலையில் புள்ளி வராது. இரண்டு இருந்தாலும் வராது. வயலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைதான். ஆனால் ஒரே மரபணுவை நம்பிய ரகத்தைப் பூஞ்சை ஒருநாள் உடைத்துவிடும். 1995-ல் வந்த பி.பி.டபிள்யூ. 343 வட இந்தியா முழுக்கப் பரவிய ரகம். அதைக் காத்துவந்த ஒய்.ஆர். 27 என்ற மரபணுவை வெல்லும் மஞ்சள் துருப் பூஞ்சை வகை வந்ததும் ரகமே சரிந்தது. லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் அதே ரகத்தில் ஒய்.ஆர். 17, ஒய்.ஆர். 70 என இரண்டு மரபணுக்களை மார்க்கர் துணையோடு சேர்த்து, 2017-ல் 'உன்னத் பி.பி.டபிள்யூ. 343' ஆகக் கொடுத்தது. இரண்டுமே கோதுமையின் காட்டு உறவுப் புற்களிலிருந்து கலப்பு மூலம் வந்தவை. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான்: விவசாயிக்குப் பழகிய ரகம் போகாமல் மீண்டு வருகிறது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல மார்க்கர்கள் மரபணுவே அல்ல, அதன் பக்கத்து வீடு மாதிரி. இனப்பெருக்கத்தின்போது குரோமோசோம் இடையில் பிரிந்து மாறினால் மார்க்கர் இருக்கும், மரபணு போயிருக்கும். ஜெல்லில் பளிச்சென்று கோடு தெரிந்த ஒரு செடியை வயலில் தொட்டபோது விரலெல்லாம் துருத் தூள் ஒட்டியது. அன்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அதனால் கோடு வந்த செடிகளையும் கடைசியில் நோய்க்கு நடுவில்தான் நட்டுப் பார்க்கிறார்கள். நீலகிரியில் கருந்துருவும் இலைத்துருவும் வருடம் முழுக்க இருப்பதால் வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இதற்குத் தோதான இடம். சோதனை வரிசைகளைச் சுற்றி, எளிதில் துரு பிடிக்கும் 'ஆக்ரா லோக்கல்' போன்ற பழைய ரகத்தை விதைத்து, நோயை வேண்டுமென்றே பரவ விடுவார்கள்.