வளைவில் வெளியே இழுக்கும் வண்டி: வெள்ளவத்தைத் தம்பிக்கு

கட்டுக்குருந்த பந்தயத் தடத்தில் முதல் நாள் மோட்டார் சைக்கிள் ஓடியபோது ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் இழுத்தது, டயரை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. டயருக்குக் காசைக் கொட்டாதீர்கள். பயத்தில் வளைவுக்குள்ளேயே முன் பிரேக்கைப் பிடித்திருப்பீர்கள்; சாய்ந்திருக்கும் வண்டி அப்போது நிமிர்ந்து நேரே ஓடப் பார்க்கும். நானும் அப்படித்தான் புல்லுக்குள் போனேன். கையுறையோடு மானமும் கிழிந்தது.

வேகத்தை வளைவுக்கு முன்னரே, நேராக ஓடும்போது குறையுங்கள். மீதிப் பிரேக்கைச் சாயச் சாய மெதுவாக விடுங்கள். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். ஓரத்தைப் பார்த்தால் ஓரத்துக்கே போவீர்கள். கொழும்பு–காலி வீதியில் பஸ்ஸின் பின்புறத்தையே பார்த்து ஓடிய பழக்கம் அது!

டயர் அழுத்தத்தை ஓடி முடித்த சூட்டோடு அளந்து பாருங்கள், ஏறியிருக்கும். அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை, கொழும்புக்குக் காலி வீதியால்தான் திரும்பவேண்டும். கை நடுக்கம் அடங்கிய பிறகு புறப்படுங்கள்.