விளக்கடியில் விழுந்தது குளவி இல்லை

கேள்வி: வேலை நிமித்தம் நைரோபி புறநகரில் குடியிருக்கிறோம். மழை பிடித்ததும் ஓர் இரவு, சமையலறை வழியாகச் செம்பழுப்பு எறும்புகள் சாரைசாரையாகப் போயின. அதே வாரம் வராந்தா விளக்கடியில், ஓர் அங்குலத்துக்கு மேல் நீளமான, மயிர் அடர்ந்த குளவி ஒன்று கிடந்தது. எறும்புப் படத்தைச் செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்கிறது. என்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுதி, என்றே நினைக்கிறேன். அங்கே 'சியாஃபு' என்பார்களே, அந்தப் படையெறும்பு, டோரிலஸ். விளக்கடியில் கிடந்தது அதன் ஆண். வைக்கோல் நிறம், பெரிய கண்கள், உருண்டு நீண்ட வயிறு. குளவி என்று நீங்கள் நினைத்ததில் வியப்பில்லை. 1764இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே இந்த ஆணைக் குளவி வரிசையில்தான் சேர்த்தார்.

நிறத்தையும் அளவையும் மறந்துவிடுங்கள். சியாஃபு சாரை ஒன்றிலேயே 3 மி.மீ. குட்டியும் ஒரு செ.மீ. தாண்டிய பெருந்தலையும் சேர்ந்தே ஓடும். செயலி குழம்புவது அதனால்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். செத்த எறும்பு ஒன்றை வெள்ளைத் தாளில் பக்கவாட்டில் கிடத்தி, முதலில் இடுப்பைப் பாருங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கணுவா, இரண்டா? அடுத்து முகம். டோரிலஸ் வேலைக்காரிக்கு, அதாவது சாரையில் ஓடும் எறும்புக்கு, இடுப்பில் ஒரே கணு. கண் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று வெறுமையாக இருக்கும். கண்ணும் இல்லை, கணுவோ இரண்டு என்றால் அது ஏனிக்டஸ் என்ற வேறு பேரினம். கண்ணுள்ள பெரிய கறுப்பு எறும்புகள் வரிசையாகப் போய், வாய் நிறையக் கறையானோடு திரும்பினால் மாட்டபீலி எறும்பு, மெகாபோனெரா அனாலிஸ். இதய வடிவ வயிற்றை முதுகுக்கு மேல் தூக்கினால் கிரெமட்டோகாஸ்டர் என்ற இன்னொரு பேரினம்.

பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. டோரிலஸில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இரவில் பறந்து வந்து விளக்கில் மோதும் ஆணை வைத்து ஒருவர் பெயரிட்டார். தரையில் ஓடும் வேலைக்காரியை வைத்து இன்னொருவர் பெயரிட்டார். எந்த ஆண் எந்த வேலைக்காரியின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பொருத்தும் வேலை இன்னும் முடியவில்லை. படத்தை வைத்து இனப் பெயர் சொல்பவரை நம்ப வேண்டாம். படம் எடுப்பதானால் பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, மேலிருந்து ஒன்று. பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும்.

சாரை மறுபடி வந்தால் மருந்து அடிக்காதீர்கள். தொட்டில் குழந்தையையும் கட்டிப்போட்ட நாயையும் கூண்டுக் கோழியையும் முதலில் அப்புறப்படுத்திவிட்டு நீங்களும் விலகி நில்லுங்கள். கரப்பான்களைத் தின்றுவிட்டுப் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தாமாகப் போய்விடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடையாளம் காண்பதற்காகக்கூட உயிருள்ள எறும்பை, அதிலும் ராணியை, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவோ தபாலில் அனுப்பவோ கூடாது. சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்ட இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு 2025 மே மாதம் நைரோபி நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. கட்டத் தவறினால் ஓராண்டு சிறை.