கேள்வி – பதில்: மன்னர்கள் போட்ட தண்டவாளம்

கேள்வி: இந்தியாவில் சமஸ்தான மன்னர்களும் சொந்தமாக றெயில் விட்டார்களாம். முதல் றெயிலை மாடு இழுத்ததாம். நம்பலாமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: தாராளமாக நம்பலாம். பரோடா (இன்றைய குஜராத்தில்) மன்னர் கண்டேராவ் கெய்க்வாட் 1862இல் டபோய்க்கும் மியாகாமுக்கும் இடையில் போட்ட பாதையில்தான் மாடு றெயில் இழுத்தது. இந்திய சமஸ்தானம் ஒன்றுக்குச் சொந்தமான முதல் புகையிரதப் பாதை அதுதான். நம் நாட்டில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி ஓடியது 1864 டிசம்பரில். தண்டவாளத்தில் மாடு நமக்கு இரண்டு வருடம் முந்திவிட்டது!

மாட்டைப் பூட்டியதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். சமதரையில் ஒரு தொன் பாரத்தைத் தண்டவாளத்தில் நகர்த்த நாலைந்து கிலோ இழுவை போதும். அதே பாரத்தை நம் கடற்கரை மணலில் வண்டியில் ஏற்றினால் நூறு கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். மணலில் ஒரு வண்டிக்கே திணறும் சோடி, தண்டவாளத்தில் பல தொன்னைக் கொண்டுபோகும்.

தரை சாயும்வரைதான் இந்தச் சுகம். 100 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்தாலே தொன்னுக்கு 10 கிலோ கூடுதல் இழுவை வேண்டும், அதாவது மாட்டின் வேலை மூன்று மடங்காகும். இறக்கத்தில் பெட்டி மாட்டின் மேலேயே ஏறப் பார்க்கும், ஆகவே கைப்பிறேக்குக்கு ஓர் ஆள் வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. மாடு நடக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே மண் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டையில் குளம்பு இடறும். நிரப்பினாலோ மழைத்தண்ணீர் வடியாமல் கட்டை உளுத்துப்போகும்.

கேள்வி: மன்னரிடம் பணம் இருந்ததுதானே, எஞ்சின் வாங்கினால் என்ன?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வாங்கினார். அடுத்த வருடமே, 1863இல், நீல்சன் கம்பனியின் எஞ்சின்கள் வந்தன. பாதை தாங்கவில்லை.

இரு தண்டவாளங்களுக்கும் இடையில் இரண்டரை அடிதான், அந்த அகலத்தைத்தான் பலர் குற்றம் சொல்வார்கள். அது பிழை. நம் களனிவெளிப் பாதையும் முதலில் அதே இரண்டரை அடிதான், அதில் எஞ்சின் பல பத்தாண்டுகள் ஓடியது. கோளாறு தண்டவாளத்தின் எடையில் இருந்தது. பரோடாவில் 3 அடிக்கு 13 இறாத்தல் தண்டவாளம் போட்டிருந்தார்கள், மீற்றருக்கு ஆறரைக் கிலோ வரும். இன்று இந்தியப் பிரதான பாதைகளில் மீற்றருக்கு 60 கிலோ.

மாடு இழுக்கும் பெட்டியின் பாரம் நாலு சில்லில் பரவும், மாட்டின் பாரமோ மண்ணில்தான். எஞ்சினோ கொதிகலன், தண்ணீர், எரிபொருள் எல்லாவற்றையும் சில அச்சுகளின் மேல் வைத்துக்கொண்டு வருகிறது. சில்லு இரண்டு கட்டைகளின் நடுவே வரும்போது மெல்லிய தண்டவாளம் தொய்யும். முதலில் கெடுவது இணைப்பு. அங்கே நுனி தாழ்ந்து, ஒவ்வொரு சில்லும் அடுத்த துண்டில் முட்டும், கீழே உள்ள கட்டை அமுங்கும். பிறகு ஆணி தளர்ந்து அகலம் விரியும், சில்லு உள்ளே இறங்கிவிடும்.

கட்டைகளை நெருக்கிப் போடலாம். இடைவெளி பாதியானால் வளைக்கும் விசையும் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் சரியான மருந்து கனத்த தண்டவாளம். அதே வடிவத்தில் எடையை இரட்டித்தால் வலு கிட்டத்தட்ட மூன்று மடங்கு, தொய்யாத தன்மை நாலு மடங்கு. 1862இல் மிச்சம்பிடித்தது எவ்வளவு மோசமான மிச்சம் என்று இதிலேயே தெரியும். எஞ்சினுக்காக 1873இல் பாதையை மறுபடி போட வேண்டி வந்தது.

கேள்வி: மன்னர்கள் எல்லோரும் ஏன் ஒரே அகலத்தில் போடவில்லை?
– வாசகர், கல்முனை

பதில்: நோக்கம் வேறு, பணப்பை வேறு. நிஜாமின் ஐதராபாத் பாதை 1874இல் வாடிச் சந்தியில் பிரிந்தது. அங்கே பம்பாய்ப் பிரதான பாதை ஐந்தரை அடி என்பதால் இதுவும் ஐந்தரை அடி. மைசூர் சமஸ்தானம் பெங்களூரிலிருந்து மைசூருக்கு மீற்றர் பாதை போட்டது, 1882இல் முடிந்தது. அகலம் குறைந்த பாதை வளைவில் இறுக்கமாகத் திரும்பும், மண்வேலை குறையும், பாலமும் சிறிது. விலையைச் சந்தியில் கொடுக்க வேண்டும். மியாகாமில் பெரிய பாதை ஐந்தரை அடி, ஆகவே டபோய்ப் பக்கத்துப் பருத்தி மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கூலி, தாமதம், கிழியும் சாக்கு மூன்றும் மூட்டைக்கு மூட்டை சேரும். குறைந்த தூரம் ஓடும் பாதைக்கு இந்தச் செலவு பெரிய சுமை, ஏனெனில் ஏற்றி இறக்கும் கூலி ஓடும் தூரத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: திருவிதாங்கூருக்கு றெயில் மலையைக் குடைந்து வந்ததா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ஆம், 1904இல். சமஸ்தானம் தனியாகப் போட்டதல்ல, சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பனியும் கூட்டு. கொல்லம் – புனலூர் பகுதி முதலில் தயாராகிவிட்டது, செங்கோட்டைப் பக்கத்து மலைப்பகுதி முடியவில்லை. எனவே எஞ்சின் மலைவழி வர முடியாமல், பாகம் பாகமாகக் கடல்வழி கொல்லத்தில் இறங்கியது. கழுதுருட்டியில் 13 வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே பிடிபடும்.

கேள்வி: மட்டக்களப்புக் கோச்சி பிரியும் கல்லோயாச் சந்தி எங்கள் கல்லோயாவிலா இருக்கிறது?
– வாசகர், அம்பாறை

பதில்: இல்லை. சந்தி ஹபரணைப் பக்கம், உங்கள் ஆற்றின் அணை இங்கினியாகலையில். பெயர் மட்டும் ஒன்று. அந்தச் சந்தியிலிருந்து மட்டக்களப்புக்குப் பாதை 1928இல் வந்தது, ஐந்தரை அடி அகலம்.