பதில்: கிட்ஹப் பில்ட் சேவையகங்களுக்குத் தீச்சுவரில் வழிவிடுதல்

வணக்கம். கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்குள் இருக்கும் உங்கள் நெக்ஸஸ் சேவையகத்தை (மென்பொருள் பொதிகளைச் சேமித்து வழங்குவது) கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் பில்ட் இயந்திரங்கள், அதாவது நிரலைத் தானாகவே தொகுத்துச் சோதிக்கும் கிட்ஹப் கணினிகள், அடைய முடியாதிருப்பதாகவும், தீச்சுவரில் (வெளியிணைப்புகளை வடிகட்டும் காவலில்) வழிவிடுவதற்கு வலையமைப்பு நிர்வாகி நிலையான ஐபி முகவரிகளைக் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பது நியாயமே. ஆனால் கிட்ஹப் தனது மெட்டா ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்கும் இடைமுகம்) வழியாக வெளியிடும் பட்டியலில் ஆயிரக்கணக்கான முகவரித் தொகுதிகள் உள்ளன. அவை அடிக்கடி மாறுவது மட்டுமன்றி, அதே முகவரிகளிலிருந்து உலகில் எவருடைய பில்டும் ஓடலாம் என்பதால், அவற்றுக்கு வழிவிடுவது முன்கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பை வாசலிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

எனது பரிந்துரை, உங்கள் வலையமைப்புக்குள்ளேயே ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் சொந்த ரன்னரை (பில்ட் வேலைகளைப் பெற்று ஓட்டும் நிரலை) நிறுவுவதாகும். வேலை இருக்கிறதா என்று அதுவே 443ஆம் போர்ட் வழியாக வெளியே சென்று கேட்டு, ஏறத்தாழ 50 விநாடி காத்திருந்து, மீண்டும் கேட்கும். ஆகவே உள்வரும் இணைப்பு எதனையும் திறக்க வேண்டியதில்லை. நிர்வாகியிடம் இதை முதலில் சொல்லுங்கள், பாதி வாக்குவாதம் அத்துடன் தீரும். தீச்சுவர் டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட) போக்குவரத்தைப் பிரித்துப் பார்ப்பதாயின், அதை ரன்னர் நம்புவதற்கு நிறுவனத்தின் மூலச் சான்றிதழை ரன்னர் இயந்திரத்தில் சேர்க்க மறவாதீர்கள். சேர்க்காவிட்டால் ரன்னர் பதிவாகும்போதே பிழை வரக்கூடும்.

எவரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியங்களுக்கு இந்த ரன்னரை இணைக்க வேண்டாம், ஏனெனில் அந்நியர் ஒருவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) உங்கள் வலையமைப்புக்குள்ளேயே நிரல் ஓட்டிவிடலாம். கிட்ஹப் இயந்திரங்களே வேண்டுமாயின், கிட்ஹப்பின் என்டர்பிரைஸ் கிளவுட் திட்டத்தில் பெரிய ரன்னர்களுக்கு நிலையான முகவரி பெறலாம். பெரிய ரன்னர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு.