ஆண்ட்ரோமீடா கண்ணிலும் படவில்லை, கேமராவிலும் விழவில்லை: என்ன செய்வது?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் கிராமம். 10×50 பைனாகுலரும், 50 மி.மீ. லென்ஸ் போட்ட டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் வைத்திருக்கிறேன். ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை இதுவரை பார்க்க முடியவில்லை. 30 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடுகிறது. டெலஸ்கோப் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கையில் இருப்பதே போதும். ஆண்ட்ரோமீடா சிறியதல்ல, வானத்தில் அதன் நீளம் சுமார் 3 பாகை, ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைத்த அளவு. மங்கலாக இருப்பதுதான் சிக்கல். அதைப் பெரிதாக்கிப் பயனில்லை, ஒளியைத்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் கண்ணால் பிடியுங்கள். அமாவாசையை ஒட்டி, தெருவிளக்கு நேரே கண்ணில் அடிக்காத இடமாகப் பார்த்து 30 நிமிடம் இருட்டில் இருங்கள். செல்போன் திரையை ஒரு தடவை பார்த்தாலும் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். டார்ச் தேவையென்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் சமயம் தோதானது. இரவு ஏழரை மணிவாக்கில் பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த பெரிய சதுரம் உச்சிக்கு அருகில் நிற்கும். அதன் வடகிழக்கு மூலையில் இருப்பது அல்பெராட்ஸ். அங்கிருந்து வடகிழக்கே போனால் மங்கலாக ஒன்று, அதையும் தாண்டினால் பிரகாசமான மிராக். மிராக்கிலிருந்து வடக்கே திரும்பினால் ஒரு சிறு விண்மீன். வந்த தூரம் இன்னொரு மடங்கு போனால் ஆண்ட்ரோமீடா. நேராக முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. பைனாகுலரை விரலால் மெல்லத் தட்டினால் அசைவில் அந்த வெண்புகை சட்டென்று தெரியும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இனி கேமரா. பூமி சுழல்வதால்தான் கோடு விழுகிறது. கோடு விழாமல் எத்தனை விநாடி வைக்கலாம் என்பதற்கு, 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுப்பது பழைய கணக்கு. சிறிய சென்சார் என்றால் விடையை 1.5-ஆலும் வகுக்க வேண்டும். உங்களுக்கு 6 விநாடி சொச்சம் வரும், 5 வையுங்கள். அபெர்ச்சர் 2.5, ஐ.எஸ்.ஓ. 1600, ரா ஃபைல். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, லைவ் வியூவில் ஒரு விண்மீனை 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறியதாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

ட்ரைபாடில் வைத்து, டைமர் போட்டு 200 படம் எடுங்கள். மொத்தம் 1000 விநாடி ஒளி. 20 நிமிடத்துக்கு ஒருமுறை கேலக்ஸியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மார்கழிப் பனி லென்ஸில் படிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மூடியைப் போட்டு அதே அமைப்பில் 20 இருட்டுப் படம் எடுங்கள். சென்சாரே உண்டாக்கும் பொய்ப் புள்ளிகளைக் கழிக்க அவை வேண்டும். எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் என்ற மென்பொருள்கள் உண்டு, இரண்டும் இலவசம். 100 படம் அடுக்கினாலே இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் மணல்போன்ற பொரிப்பொரி, பத்தில் ஒன்றாகும்.

அடுக்கிய படத்தில் கேலக்ஸியை ஒட்டி, புள்ளியாக இல்லாமல் பஞ்சுபோல ஒரு சிறு திட்டு தெரிந்தால் அழுக்கென்று அழித்துவிடாதீர்கள். அது ஆண்ட்ரோமீடாவின் துணைக் கேலக்ஸி, எம் 110.